எஞ்சின் இலக்கம் இல்லாத ஓட்டோ

சென்ற மாதம் மன்னார் நகரில் ஒரு கூட்டம் நடந்தது. மின்சார வாகனத் துறையில் மற்ற நாடுகளோடு போட்டிபோட எங்கள் நாட்டுக்கு என்ன வேண்டும் என்பதுதான் பேச்சு. கொழும்பிலிருந்து வந்த ஒருவர், இந்தத் தீவின் காற்றே போதும் என்றார். இன்னொருவர், கடற்கரை மணலில் கனியம் கொட்டிக் கிடக்கிறது என்றார். காற்றாடி, மணல் என்றதும் பின்வரிசையில் இருந்த எங்கள் ஊரவர்கள் தொண்டையைச் செருமினார்கள். காற்றாடி நட்டதிலும் மணல் அள்ளியதிலும் நொந்த அவர்களுக்கு அந்த இரண்டைப் பற்றியும் வேறு கதைகள் உண்டு. மூன்றாமவர் திரையில் ஒரு படம் போட்டார். அதில் இருந்த அம்புக்குறிகள் எல்லாம் மேல்நோக்கியே போயின. கீழே இறங்க ஒன்றுக்கும் மனமில்லை.

ஓய்வுபெற்ற வாகனப் பரிசோதகர் என்று எனக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். நான் எழுந்து, "சிலாவத்துறை நளீமின்ரை ஓட்டோவைப் பற்றிச் சொல்லலாமோ?" என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து வடை வந்துவிட்டது. வடைக்கு முன்னால் யார் நிற்க முடியும்? எனக்குப் பிறகு வாகனப் பதிவுக் கந்தோரில் சேர்ந்த பிள்ளைகள் மட்டும் வாசலில் என்னை மறித்து, "எழுதித் தாங்கோ சேர், நாங்கள் வாசிக்கிறம்" என்றார்கள். வாசிப்பார்களோ தெரியாது. எழுதுகிறேன்.

நான் பாப்பாமோட்டையில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவன். பஸ் டிப்போவில் ஆறு வருடம் கிறீஸ் பூசினேன். பிறகு ஒரு சோதனை எழுதி, கொழும்பில் பயிற்சி பெற்று, வாகனப் பரிசோதகர் ஆனேன். பயிற்சியில் கற்றதைவிட, மறந்ததே அதிகம். கற்றதெல்லாம் சேனாரத்ன என்ற மேலதிகாரியிடம்தான்.

சேனாரத்ன சேர் தெற்கைச் சேர்ந்தவர். வடக்குக்கு மாற்றலாகி வந்ததும், மக்களோடு பேசவேண்டும் என்று தமிழ் படித்தார். படித்தது வானொலிச் செய்தியைக் கேட்டு. ஆகவே அவர் எப்போதும் செய்தி வாசிப்பதுபோலவே பேசுவார். ஒருமுறை சந்தைக்குள் நின்று, "அம்மையீர், இம்மரக்கறிகள் இன்று பறிக்கப்பட்டவையா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா தன்மீது ஏதோ வழக்குப் போடப்போகிறார்கள் என்று பயந்து, கத்தரிக்காயைச் சும்மா கொடுத்துவிட்டாள். அவர் அதை அங்கேயே திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

ஒரு வண்டியைப் பார்க்கத் தொடங்கும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சப்பாத்துக்குள் வைப்பார். பழைய பத்திரிகையை நிலத்தில் விரித்து, வண்டிக்குக் கீழே மல்லாந்து படுப்பார். எழும்பியதும் அதே பத்திரிகையைத் தட்டி மடித்து, கதிரையில் இருந்து வாசிப்பார். எங்கள் அறிக்கைத் தாளில் சிவப்புப் பேனையால் நடுவில் ஒரு கோடு போட்டிருந்தார். இடப்பக்கம் "கண்டது", வலப்பக்கம் "கேட்டது". சாரதி சொன்னதை இடப்பக்கம் எழுதிவிட்டால் தொலைந்தோம்.

எனக்கு அது தொடக்கத்திலேயே நடந்தது. பெரியமடுவில் ஒரு நெல் லொறி. கைபிரேக் நன்றாக இருக்கிறது என்று சாரதி சொன்னார். நானும் அப்படியே இடப்பக்கம் எழுதினேன். சேர் அதை வாசித்தார். லொறியைக் குளக்கட்டுச் சரிவில் ஏற்றி, கைபிரேக்கை இழுத்து நிறுத்தச் சொன்னார். சாரதியைக் கால்பிரேக்கில் கால் வைத்தபடி இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"திரு. தேவராசா, தாங்கள் இவ்வாகனத்தின் பின்புறம் சற்று நேரம் நிற்க இயலுமா? சாரதி தமது காலை எடுத்துவிடுவார்."

"கொஞ்சம் பொறுங்கோ சேர்" என்றேன். மெல்ல வண்டிக்குள் ஏறிக் கைபிரேக்கை நானே இழுத்துப் பார்த்தேன். அது பிடிமானமே இல்லாமல் வீட்டுக் கதவுபோல ஆடிற்று. அன்றைக்குப் பிறகு இருபது வருடம் நான் பிழைவிடவில்லை. ஒரேயொரு தடவையைத் தவிர.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போதுதான் நளீம் எங்கள் கந்தோருக்கு வந்தார். ஐம்பதை நெருங்கிய மெலிந்த மனிதர். புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, அங்கே வளர்ந்து, வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டு, சிலாவத்துறையில் மீளக் குடியேறியவர்.

"அங்க பிளேனுக்குக் கீழ பெட்டி இழுக்கிற வண்டியெல்லாம் கரண்டுலதான் சேர் ஓடுது. அதுகளத் திருத்தினதுதான் என்ட வேல. இப்ப நம்மட பழைய ஓட்டோவக் கரண்டுக்கு மாத்திட்டன். பதிஞ்சு தாங்க."

வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து மோட்டாரும், முறுக்கினால் வேகம் கூட்டும் கைப்பிடியும், மற்றப் பாகங்களும் வருவித்திருந்தார். எஞ்சினைக் கழற்றிய இடத்தில் மோட்டார், பின் ஆசனத்துக்குக் கீழே பற்றரிப் பெட்டி. வெல்டிங் வேலை அவ்வளவு சுத்தம். ஓட்டினேன். சத்தமே இல்லை. கந்தோர் வாசலில் படுத்திருந்த நாய், வண்டி பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் எழும்பி, குரைப்பதா வேண்டாமா என்று யோசித்தது.

எங்களுக்கு முதல் தடை விண்ணப்பப் படிவம். எஞ்சின் இலக்கம் என்ன என்று அது கேட்டது. "இல்லை" என்று அடித்தேன். கணினி ஏற்கவில்லை. எஞ்சின் கொள்ளளவுக்குப் பூச்சியம் போட்டேன். அதையும் ஏற்கவில்லை. நளீம் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஒண்டு எண்டு போடுங்க சேர், அதுக்கும் மனம் ஆறட்டும்" என்றார். போட்டேன். உடனே ஏற்றுக்கொண்டது.

மறுநாள் சேனாரத்ன சேரிடமிருந்து தொலைபேசி.

"திரு. தேவராசா, ஒரு கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடைய எஞ்சினால் மூன்று பயணிகள் ஏற்றிச் செல்லப்படுகின்றனர் எனத் தாங்கள் அறிவித்துள்ளீர்கள். தேநீர்க் கரண்டி இதனினும் பெரிது."

"கரண்டு ஓட்டோ சேர். எஞ்சினே இல்லை."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் நேரில் வருகை தருவேன்" என்றார்.

அவர் வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில்தான் நான் பிழைவிட்டேன். நளீமை எனக்குப் பிடித்துவிட்டது. பெற்றோல் இல்லாமல் ஊரே நடந்து திரிந்தபோது, அவர் கர்ப்பிணிப் பெண்களை ஆஸ்பத்திரிக்கு அந்த ஓட்டோவில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். அடுத்த திங்கள் முதல் பாலர் பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றுவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளைகள் என்று சொன்னார். சட்டப்படி மூன்று என்பதால் என்னிடம் மூன்று என்று சொன்னார் என்று நினைக்கிறேன். நான் பிரேக்கைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன், அடிச்சட்டத்தைப் பார்த்தேன். கைப்பிடியை மட்டும் கழற்றிப் பார்க்கவில்லை. "அது தொழிற்சாலையில சீல் பண்ணி வாறது சேர், தண்ணி போகாது" என்றார் நளீம். நான் இடப்பக்கம் எழுதினேன்: "கைப்பிடி நீர் புகாதது. இயல்பாக இயங்குகிறது." கையெழுத்தும் வைத்தேன். மேலதிகாரி வந்து தலையாட்டியதும் கொடுத்துவிடலாம் என்று சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன்.

சேனாரத்ன சேர் சிலாவத்துறைக்கு வந்த அன்று மாரி மழை விட்டிருந்தது. கடற்கரை வீதியில் உப்புத் தண்ணீர் ஏறி நின்றது. அவர் கடிகாரத்தைக் கழற்றினார், பத்திரிகையை விரித்தார், படுத்தார், எழுந்தார், வாசித்தார். பிறகு மூன்று பயணிகளின் பாரத்துக்கு நெல் மூடைகளை அளந்து ஏற்றச் சொன்னார். வீதியில் வெண்கட்டியால் கோடு கீறி, அந்தக் கோட்டில் பிரேக் பிடித்து, நின்ற இடம்வரை நாடாவால் அளந்தோம். நல்ல அளவு. நளீமின் மனைவி பௌசியா வேலியோரம் நின்று சிரித்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் மீனை உப்புநீரில் ஊறவைத்துக் கருவாடு போடுகிறவள். வாய் அவளுக்குக் கொஞ்சம் நீளம்.

"சேர், மூடைக்குப் பதிலா நான் ஏறி இருந்தா வண்டி இன்னும் அடங்கி நிக்கும்" என்றாள்.

"இப்போது நீரினூடாக" என்றார் சேனாரத்ன சேர். தானே ஒரு மூடையை இறக்கிவிட்டு அதன் இடத்தில் ஏறி அமர்ந்தார். நான் ஓட்டினேன். தேங்கி நின்ற தண்ணீரைப் படகுபோலக் கிழித்துப் போனோம். ஒரு பிழையும் இல்லை. எனக்கு மார்பு விம்மியது. திரும்பி வரும்போது கைப்பிடியைத் தளர்த்தினேன். வண்டி வேகம் குறையவில்லை. முழுவதும் விட்டேன். வேகம் கூடியது.

"திரு. தேவராசா, தயவுசெய்து வாகனத்தை நிறுத்தவும்" என்றது பின்னாலிருந்து செய்திக் குரல்.

"நிக்குதில்லை சேர்!"

"காரணம் யாது?"

"காரணம் பிறகு சொல்லுறன், பிடிச்சுக்கொள்ளுங்கோ!"

இரண்டு பிரேக்கையும் மிதித்துப் பிடித்தேன். வண்டி முனகியது, முரண்டு பிடித்தது, ஆனால் ஓடிக்கொண்டே இருந்தது. மின்னை நிறுத்தும் சுவிற்ச் பின் ஆசனத்துக்குக் கீழே. முன்னால் வைத்தால் வடிவில்லை என்று நளீம் அங்கே ஒளித்திருந்தார். அதற்கு மேல் இரண்டு நெல் மூடையும் ஒரு மேலதிகாரியும். எதிரே பள்ளிவாசல் மதில் வந்தது. அதற்குச் சற்று முன்னால், வீடு கட்ட யாரோ பறித்துக் கொட்டியிருந்த மணல் கும்பி. அதற்குள் திருப்பினேன். எங்கள் மணலால் மின்சார வாகனத்துக்குப் பயன் உண்டு என்பதற்கு நானே சாட்சி. முன்சில்லு புதைந்து நாங்கள் நின்றோம். பின்சில்லுகள் மட்டும் சுற்றிச் சுற்றி மணலை வாரி இறைத்தன. நளீம் ஓடிவந்து, மூடைகளைப் புரட்டிச் சுவிற்சை இழுத்தார்.

ஒருவருக்கும் காயமில்லை. சேனாரத்ன சேரின் வாய்க்குள் கொஞ்சம் மணல் போயிருந்தது. துப்புவது நாகரிகமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கைலேஞ்சியை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

நான் இறங்கி ஒரு கல்லில் இருந்தேன். பௌசியா பால் விடாத சாயத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழம பிள்ளைகள ஏத்தவல்லவா இருந்தது" என்றாள். "சேர், நீங்க நேத்தே கையெழுத்து வச்சுக் குடுத்திருந்தா?"

"வைச்சிட்டன், பௌசியா" என்றேன். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். வியர்வையில் நனைந்திருந்தது. ஒளித்துவிடலாம் என்ற எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சேனாரத்ன சேர் தாளை வாங்கி விரித்தார். கைப்பிடி பற்றிய வரியில் விரலை வைத்தார்.

"கண்டீர்களா, கேட்டீர்களா?"

"கேட்டனான் சேர்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சிவப்புப் பேனையால் அந்த வரியிலிருந்து ஓர் அம்பு கீறி, வலப்பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டார். பிறகு தாளை மடித்துத் தன் கோப்புக்குள் வைத்தார். என் சேவைக் கோப்பில் அது இன்றும் இருக்கிறது. ஓய்வூதியத்துக்குக் கோப்பைத் திறந்த எழுதுவினைஞர், "இது என்ன சேர் அம்பு?" என்று கேட்டார். "நான் ஓடின பாதை" என்றேன்.

நளீம் திடீரென்று வண்டியை ஓங்கி உதைத்தார். "இதக் கடல்ல தள்ளிடுறன்! பெரிய நாடுகள் செய்யிற சாமானே இப்பிடி எண்டா, நான் ஆரு?"

"கடல் மாசடையும்" என்றார் சேனாரத்ன சேர். "திரு. நளீம், தங்களிடம் வேறு கைப்பிடிகள் உளவா?"

உதிரியாக இரண்டு இருந்தன. ஒருமுறை நடந்தது வெறும் சம்பவம் என்றார் சேர். விரும்பும்போதெல்லாம் அதை நடத்திக் காட்டினால்தான் அது குறை. குறையைக் கண்டுபிடித்தால் தொழிற்சாலைக்கு எழுதலாம்.

"எங்கட கடிதத்த ஆரு சேர் வாசிக்கப்போறாங்க?"

"வாசிக்கத்தக்கதாக எழுதுவோம்."

மணலில் நின்ற வண்டியின் கைப்பிடியைக் கழற்றினோம். உள்ளே வயர் சேரும் இடத்தில் பச்சை நிறத்தில் உப்பு பூத்திருந்தது. கடலோரம் தினம் ஓடியதில் ஊறியது; அதன் வழியே மின் கசிந்துதான், முறுக்காமலே வண்டி ஓடியிருக்கவேண்டும். அதை மறுபடி உண்டாக்க உப்புநீர் வேண்டும். பௌசியாவின் மீன்பெட்டியைவிட நல்ல உப்புநீர் மன்னார் மாவட்டத்தில் எங்கே கிடைக்கும்? அவள் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு மீனை அள்ளிவிட்டு, உப்புநீரை மட்டும் விட்டுக் கொடுத்தாள். ஒரு கைப்பிடியை அதற்குள் போட்டோம். மற்றதை வீட்டு அலுமாரிக்குள் காயவைத்தோம். மூன்று நாள் கழித்து எடுத்து, ஒரு நாள் வெயிலில் வைத்து, மீற்றரில் பூட்டிப் பார்த்தோம். அலுமாரிக் கைப்பிடி பூச்சியம் காட்டியது. உப்பில் கிடந்தது, யாரும் தொடாமலே பாதிக்கு மேல் வேகம் கேட்டது. பிறகு அலுமாரியில் இருந்ததையும் உப்பில் போட்டோம். அதற்கும் அதே கதி. அறிக்கையில் இந்த முறை எல்லாமே இடப்பக்கம். வலப்பக்கத்தில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

சேனாரத்ன சேர் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். குற்றச்சாட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. என்ன செய்தோம், என்ன கண்டோம், படங்கள், அவ்வளவுதான். நளீம் மின்னஞ்சலில் அனுப்பினார். நாங்கள் மறந்தே போயிருப்போம். பத்தாம் நாள் பதில் வந்தது. நன்றி, இதை எந்த ஆய்வுகூடத்தில் செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். சேர் சற்று யோசித்து, "சிலாவத்துறை" என்று மட்டும் பதில் போட்டார். பொய்யில்லை.

இதற்கிடையில் நளீம் சும்மா இருக்கவில்லை; புதிய கைப்பிடி ஒன்றை வருவித்துப் பூட்டினார். சிவப்பு நிறத்தில் பெரிய சுவிற்ச் ஒன்றைச் சாரதியின் கைக்கு நேரே பூட்டினார். வடிவைப் பற்றி ஒரு கதையும் இல்லை. பிரேக்கைத் தொட்டாலே மோட்டாருக்கு மின் நிற்கும்படி வயர் மாற்றினார். படகு எஞ்சின் வயர்களை உப்பு தின்னாமல் மீனவர்கள் கிறீஸும் றபர்க் குழாயும் போட்டு மூடுவார்கள். அந்த வேலையை ஓட்டோவின் ஒவ்வொரு மூட்டுக்கும் செய்தார். மறுபடி பரிசோதித்தபோது, கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றினேன். "சேர், சீற்றுத் துணியையும் பிரிச்சுப் பாக்கப்போறீங்களா?" என்று நளீம் கேட்டார். பிரித்துப் பார்த்தேன்.

வண்டி தேறியது. படிவம் தேறவில்லை. எஞ்சின் இலக்கத்துக்காகச் சேனாரத்ன சேர் கொழும்புக்குப் பலமுறை போய்வந்தார். ஒவ்வொரு முறையும் அங்கே ஒருவர், "எல்லா வாகனத்துக்கும் எஞ்சின் இருக்கவேண்டுமே" என்று கவலைப்பட்டிருக்கிறார். கடைசியில் ஒரு நாள், "மோட்டார் வலு" என்று ஒரு புதிய கட்டம் போட்ட படிவம் வந்து சேர்ந்தது. நளீமின் ஓட்டோவைப் பதிந்தேன். பாலர் பாடசாலைப் பிள்ளைகள் ஏறினார்கள். எண்ணினேன். ஐந்து பேர். இருவரை இறக்கினேன். நளீம் இரண்டாவது தடவை போய்வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அந்தக் கூட்டத்தில் சொல்ல நினைத்தேன். தொழிற்சாலையிலிருந்து, திருத்திய கைப்பிடிகள் ஒரு பெட்டியில் வந்தன. கூடவே ஒரு செய்தி: எங்கள் பொறியியலாளர்கள் இருவர் இலங்கை வருகிறார்கள், சிலாவத்துறை ஆய்வுகூடத்தைப் பார்வையிட அனுமதி வேண்டும்.

நளீம் செய்தியை எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். "சேர், என்னத்தக் காட்டுற?" என்றார். சேனாரத்ன சேர், "உள்ளதைக் காட்டுங்கள்" என்றார். பௌசியா மீன்பெட்டியை மூன்றுமுறை கழுவி, ஒரு மேசையில் ஏற்றி, பெருநாளுக்கு விரிக்கும் துணியை அதன்மேல் விரித்தாள். மணம் மட்டும் போகவில்லை.

இருவர் வந்தார்கள். ஒருவர் நடுவயது, மற்றவர் இளம் பெண். துணியை விலக்கிப் பெட்டியைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் சிரிக்கப்போகிறார்கள் என்று நான் நிலத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. நல்ல காற்சட்டையோடு இருவரும் மீன்செதில் கிடந்த தரையில் முழங்காலில் இருந்து, பெட்டியின் நீள அகலத்தை அளந்தார்கள். உப்புநீரைப் போத்தலில் எடுத்தார்கள். மணந்து பார்த்தார்கள். உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, வெயிலில் வைத்த இடம் எது என்று நளீமிடம் ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். எங்கள் தலைமைக் கந்தோரில் ஒருவரும் இந்த ஓட்டோவைப் பார்க்க மன்னார்வரை வந்ததில்லை. இவர்கள் கடல் கடந்து வந்திருந்தார்கள்.

கடைசியாக அந்தப் பெண் கேட்டாள்: "சரியாக மூன்று நாள் என்று எப்படித் தீர்மானித்தீர்கள்?"

நளீம் என்னைப் பார்த்தார். நான் சேனாரத்ன சேரைப் பார்த்தேன். சேர் முகட்டைப் பார்த்தார். பௌசியாவுக்குக் கேள்வியைத் தமிழில் சொன்னதும் அவள் யோசிக்கவேயில்லை.

"நாலாம் நாள் எனக்குப் பெட்டி வேணும், மீன் போட."

நளீம் வெட்கத்தோடு மொழிபெயர்த்தார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, அதையும் எழுதிக்கொண்டாள்.